யார்க், டர்ஹாம், லிங்கன், சால்ஸ்பரி: குளிர்கால வார இறுதிக்கு எந்தப் பேராலய நகரம், எந்த வகை வழிகாட்டி?

குளிர்காலத்தில் இங்கிலாந்தின் பழைய பேராலய நகரம் ஒன்றில் இரண்டு நாள் தங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்துத்தான் ஊரை முடிவு செய்கிறார்கள். நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது சூரியன் மறையும் நேரத்தை. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் யார்க்கில் காலை 8.20 வாக்கில் விடிகிறது, மாலை 3.45-க்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. டர்ஹாம் இன்னும் வடக்கே இருப்பதால் அங்கே பகல் மேலும் சில நிமிடம் குறையும். தெற்கிலுள்ள சால்ஸ்பரியில் மாலை நாலு மணி வரை வெளிச்சம் கிடைக்கும். இரண்டு நாளையும் சேர்த்தால் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 15 மணி நேர வெளிச்சம். கோடையில் இரவு ஒன்பது மணி வரை ஊர் சுற்றலாம் என்பதால் பாதி நாள் வீணானாலும் ஈடுகட்டிவிடலாம். குளிர்காலத்தில் பாதி நாள் போனால் போனதுதான். அதனால் ஊரையும் வழிகாட்டியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்: இந்தப் பயணத் திட்டம் என் 15 மணி நேரத்தில் எவ்வளவை எனக்குத் தருகிறது, எவ்வளவை நெடுஞ்சாலையில் கரைக்கிறது?

இன்னொன்றும் உண்டு. காசு கொடுத்து வழிகாட்டி வைப்பது, அவர் இல்லாமல் திறக்காத கதவு ஒன்று இருக்கும்போதுதான் முழுப்பயன் தரும். சில ஊர்களில் அப்படிக் கதவுகள் இருக்கின்றன. சில ஊர்களில் நல்ல வழிகாட்டியே இலவசமாகக் கிடைக்கிறார். இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி பேக்கேஜ் வாங்குவதால்தான் பலருக்குப் பயணம் சப்பென்று போய்விடுகிறது.

கோச் பேக்கேஜ், ரயில், தனி வழிகாட்டி

சந்தையில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கோச் பேருந்தில் ஏற்றி, இரண்டு இரவு ஓட்டலில் தங்கவைத்து, கூடவே ஒரு பயண மேலாளரை அனுப்பும் பேக்கேஜ். இரண்டாவது, நீங்களே ரயிலும் ஓட்டலும் பிடித்துக்கொண்டு, அந்தந்த ஊரில் நடக்கும் உலாக்களில் சேர்ந்துகொள்வது. மூன்றாவது, குழுவாகப் போய், 'புளூ பேட்ஜ்' எனும் தொழில்முறைத் தகுதிச் சின்னம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு அமர்த்துவது.

லண்டனிலிருந்து யார்க் சாலை வழியே 330 கிலோமீட்டருக்கு மேல். பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பது சட்டம். நாலைந்து இடங்களில் ஆள் ஏற்றிக்கொண்டு வெள்ளி காலை எட்டு மணிக்குக் கிளம்பும் பேருந்து யார்க் போய்ச் சேரும்போது மதியம் இரண்டு தாண்டியிருக்கும். அறைச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் இருட்டு. அதே ஊருக்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. வெள்ளிக்கிழமை வேலை முடித்துவிட்டுக் கிளம்பினாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். சனிக்கிழமையின் பகல் முழுதும் உங்களுடையது.

கோச் பேக்கேஜில் அதைவிடப் பெரிய சிக்கல் ஓட்டல் இருக்கும் இடம். விளம்பரத்தில் 'யார்க் வார இறுதி' என்று இருக்கும். ஓட்டலோ நகருக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும். மாலை நாலு மணிக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பேருந்து கிளம்பிவிடும். பேராலய நகரம் குளிர்காலத்தில் மிக அழகாக இருப்பது அதற்குப் பிறகுதான்: விளக்கொளியில் நிற்கும் கோபுரம், காலியான கல் தெரு, பாடகர் குழு பாடும் மாலை ஆராதனை. முன்பணம் கட்டும் முன் ஓட்டலின் போஸ்ட்கோடைக் கேட்டு வாங்கி, பேராலய வாசலுக்கு நடை தூரம் எவ்வளவு என்று வரைபடத்தில் பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் என்றால் அந்த பேக்கேஜில் மாலைப் பொழுது உங்களுக்குக் கிடையாது.

விளம்பர வாசகத்தையும் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். 'பேராலயத்தைக் காண்போம்' என்றால் வெளியே நின்று பார்ப்பதாகவும் இருக்கலாம். 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று எழுதியிருந்தால்தான் உள்ளே போவது உறுதி. அப்போதும் உள்ளே விளக்கிச் சொல்வது யார் என்று கேளுங்கள். பல பேராலயங்கள், தாங்கள் அங்கீகரிக்காத வழிகாட்டி உள்ளே நின்று குழுவுக்குப் பேசுவதை அனுமதிப்பதில்லை. வாசலில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு 'மூன்று மணிக்குப் பேருந்துக்கு வந்துவிடுங்கள்' என்று சொல்லும் பயண மேலாளருக்காக நீங்கள் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தனியாகப் போகிறவர்களுக்கு ஒற்றை ஆள் கூடுதல் கட்டணமும் உண்டு. இரண்டு இரவுக்கு அதைக் கூட்டிப் பார்த்தால், ரயிலில் போய் ஊர் நடுவே தங்குவதற்கு ஆகும் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஆனாலும் கோச் பேக்கேஜ் சிலருக்கு நிச்சயம் சரிப்படும். பெட்டி தூக்க முடியாத பெரியவர்கள், வீட்டருகே நல்ல ரயில் வசதி இல்லாதவர்கள், எல்லாவற்றையும் ஒரே ரசீதில் முடித்துவிட விரும்புகிறவர்கள் தயங்காமல் எடுக்கலாம். அதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. 2018-இல் வந்த பிரிட்டிஷ் பேக்கேஜ் பயண விதிகளின்படி, நடத்துபவர் நொடித்துப்போனால் உங்கள் பணம் திரும்பி வர ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும். போதிய ஆள் சேராமல் பயணத்தை ரத்து செய்வதென்றால், இரண்டு முதல் ஆறு நாள் பயணத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே சொல்லி, முழுப் பணத்தையும் தந்துவிட வேண்டும். ஆனால் பேருந்து ஏறும் ஊருக்கு வர நீங்கள் தனியாக எடுத்த ரயில் டிக்கெட்டின் பணம் அந்தக் கணக்கில் வராது. ஆள் சேர்ந்துவிட்டதா, பயணம் உறுதியா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அதை எடுங்கள்.

தனி வழிகாட்டிக்கு அரை நாளுக்கு இருநூறு பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். தலைக்கு இவ்வளவு என்று வாங்கமாட்டார்கள். குழு முழுவதற்கும் ஒரே கட்டணம். எட்டுப் பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 25 பவுண்டு. இருவர் மட்டும் போகும்போது இது கட்டுப்படியாகாது. மூன்று தலைமுறைக் குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. குழந்தை சோர்ந்தால் நிறுத்தலாம், பாட்டிக்கு ஏற்றமில்லாத தெருவாகப் பார்த்து அழைத்துப் போகச் சொல்லலாம்.

யார்க்

முதல்முறை போகிறவர்கள் வேறு ஊரை யோசிக்க வேண்டாம், யார்க் போங்கள். காரணம் எளிது: மழையோ பனியோ கொட்டினாலும் உள்ளே இருந்து பார்க்க இவ்வளவு உள்ள ஊர் வேறு இல்லை. எல்லாமே ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்.

ஊரின் பேராலயமான யார்க் மின்ஸ்டருக்குச் சனிக்கிழமை காலையில் கதவு திறந்தவுடன் போய்விடுங்கள். கிழக்குச் சுவர் முழுக்க நிற்கும் பெரிய ஜன்னலுக்கு ஒளி வருவது காலையில்தான். கவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தோர்ன்டன் 1405-இல் ஒப்பந்தம் எழுதி, 1408-இல் அதை முடித்துக் கொடுத்தார். கூலி 56 பவுண்டு. பரப்பளவில் ஒரு டென்னிஸ் மைதானத்துக்கு ஈடு என்று சொல்வார்கள். மேலே உலகப் படைப்பும் கீழே உலக முடிவுமாக 300-க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகள். பல ஆண்டுச் சீரமைப்பு 2018-இல் முடிந்த பிறகு நிறங்கள் பளிச்சென்று தெரிகின்றன. சிறிய பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால் மேல் வரிசை முகங்கள்கூடத் தெளிவாகத் தெரியும்.

அங்கிருந்து, சிலுவை வடிவக் கட்டடத்தின் வடக்குக் கையில் நிற்கும் ஐந்து சகோதரிகள் ஜன்னலுக்கு வாருங்கள். 13-ஆம் நூற்றாண்டு வேலை. பளீர் நிறங்கள் இல்லாமல் சாம்பலும் பச்சையுமாக, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கண்ணாடித் துண்டுகள். மேகமூட்டமான நாளில் மற்ற ஜன்னல்கள் மங்கிக் கிடக்கும்போது இது மட்டும் சீரான வெள்ளி ஒளியில் நிற்கும். குளிர்காலத்துக்கென்றே செய்தது மாதிரி இருக்கும்.

நிலவறை அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். நடுக்கோபுரத்தின் அடித்தளம் பலவீனமாகிவிட்டதால் 1967 முதல் 1972 வரை அதைத் தோண்டிப் பலப்படுத்தினார்கள். அப்போது அடியில் ரோமானியப் படைமுகாமின் சுவர்கள் வெளிப்பட்டன. கி.பி. 306-இல் கான்ஸ்டன்டைனைப் பேரரசராகப் படைவீரர்கள் அறிவித்தது இதே ஊரில்தான். கோபுரத்தின் மேலே ஏற 275 படிகள். நேரம் குறித்த தனி டிக்கெட். காற்றோ உறைபனியோ அதிகமானால் மூடிவிடுவார்கள். அதனால் இரண்டு நாளில் எது தெளிவாக இருக்கும் என்று வெள்ளி இரவு வானிலை பார்த்துவிட்டு நேரத்தைப் பதிவு செய்வது நல்லது.

இங்கே காசு கொடுத்து நகர உலா எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. யார்க் நகரத் தன்னார்வ வழிகாட்டிகள் சங்கம் 1951 முதல் இலவசமாக ஊரைச் சுற்றிக் காட்டிவருகிறது. எக்ஸிபிஷன் சதுக்கத்திலிருந்து காலை 10.15-க்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம். அன்பளிப்புகூட வாங்கமாட்டார்கள். ஊரை நேசிப்பவர்கள் ஊரைப் பற்றிப் பேசுவதைக் கேட்பது தனி சுகம். கோச் பேக்கேஜில் கட்டணத்தோடு வரும் ஒரு மணி நேர உலாவைவிட இது பல மடங்கு மேல் என்பது எங்கள் கருத்து.

நகர மதில் மொத்தம் மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; ஏறிச் சுற்ற இலவசம். நேரம் குறைவென்றால் பூத்தம் பார் வாசலிலிருந்து மங்க் பார் வரை மட்டும் நடங்கள். இருபது நிமிடம் போதும். மரங்கள் இலையுதிர்ந்து நிற்பதால் மின்ஸ்டர் முழு உருவத்தோடு கண்ணெதிரே நிற்கும். அந்தி சாயும் நேரத்தில் மதிலின் வாசல்களைப் பூட்டிவிடுவார்கள். கல்லில் பனி உறைந்திருந்தால் காலையிலும் திறக்கமாட்டார்கள். மதியத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

யார்க்கில் கெடுவது இரண்டு. ஒன்று கூட்டம். நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு வரை பார்லிமென்ட் தெருவில் கிறிஸ்துமஸ் சந்தை. அந்தச் சனிக்கிழமைகளில் ஷாம்பிள்ஸ் சந்தில் நகர முடியாது. ஓட்டல் வாடகையும் எகிறிவிடும். மற்றொன்று வெள்ளம். ஊஸ் ஆறு குளிர்காலத்தில் கரை தாண்டுவது வழக்கம். முதலில் நனைவது கிங்ஸ் ஸ்டெய்த் படித்துறை. 2015 டிசம்பர் 26-இல், ஊஸில் கலக்கும் ஃபாஸ் ஆற்றின் வெள்ளத் தடுப்பின் மின்சார அமைப்புக்குள் தண்ணீர் புகும் நிலை வந்து தடுப்பைத் தூக்க வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கான கட்டடங்களில் வெள்ளம் புகுந்தது. மின்ஸ்டர் மேட்டில் இருப்பதால் அங்கே பிரச்சினை வராது. ஆற்றோர ஓட்டல் எடுத்தால் தரைத்தள அறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கார் என்றால் கரையோர நிறுத்துமிடத்தில் இரவு விடாதீர்கள்.

கிளிஃபர்ட்ஸ் கோபுரம் நிற்கும் மேட்டுக்கும் ஏறிப் பாருங்கள். 1190 மார்ச்சில் நகரத்து யூதர்கள், ஏறத்தாழ 150 பேர், அடைக்கலம் புகுந்த மரக்கோட்டையில் மாண்ட இடம் அது. நல்ல வழிகாட்டி இதை ஒதுக்கிவிட்டுப் போகமாட்டார்.

டர்ஹாம்

கட்டடக்கலை பிடித்தவர்களுக்கும் அமைதி வேண்டுகிறவர்களுக்கும் எங்கள் முதல் தேர்வு டர்ஹாம். வியர் ஆறு வளைந்து சுற்றிக்கொண்டு போகும் பாறை முனையின் மேல் பேராலயமும் கோட்டையும். இரண்டும் 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பேராலயம் 1093-இல் தொடங்கி 1133-இல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. இவ்வளவு அகல நடுக்கூடத்துக்கு மேலே கல்லிலேயே விலா வளைவுக் கூரை போட்டதில் உலகத்துக்கே முன்னோடி. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது தூண்கள்தான்: கோணல் கோடு, கட்டம், சுருள் என்று கல்லிலேயே ஆழமாக வெட்டிய வடிவங்கள். அருகே போய்க் கைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பாருங்கள். மேற்குப் பக்கத்தில் தரையில் ஒரு கறுப்புக் கல் வரி ஓடும். துறவிகள் இருந்த காலத்தில் பெண்கள் அதைத் தாண்டி வரக்கூடாது. தெரியாதவர்கள் அதன்மேல் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நுழைவுக் கட்டணம் கிடையாது, நன்கொடை கேட்பார்கள். கிழக்கே 7-ஆம் நூற்றாண்டுத் துறவியான புனித கத்பர்ட்டின் கல்லறை, மேற்கே கலிலீ சிற்றாலயத்தில் 735-இல் மறைந்த வரலாற்றாசிரியர் பீட்டின் கல்லறை. அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். வாங்கத் தயங்க வேண்டாம். கத்பர்ட்டுக்காக 698-இல் செதுக்கிய மரப்பெட்டி அங்கே இருக்கிறது.

வழிகாட்டி இல்லாமல் திறக்காத கதவு இங்கே இருக்கிறது: கோட்டை. 1072-இல் தொடங்கிய அந்தக் கோட்டை இப்போது டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் மாணவர் இல்லம். அதனால் வழிகாட்டியுடன் செல்லும் உலாவில் மட்டுமே உள்ளே விடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தரைமட்டத்தில் நார்மன் சிற்றாலயம், மாணவர்கள் இன்றும் சாப்பிடும் பெருங்கூடம், 1660களில் எழுப்பிய கறுப்பு மரப் படிக்கட்டு. பல்கலைக்கழக நிகழ்ச்சி இருந்தால் உலா நடக்காது. ஆகவே டர்ஹாமுக்கு மட்டும் பதிவு வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் கோட்டை உலாவின் தேதி, பிறகு ஓட்டல், கடைசியில் ரயில். ஜனவரியில் பேராலயத்திலேயே பட்டமளிப்பு விழா நடக்கும். அந்த நாட்களில் பார்வையாளருக்குக் கதவு சில மணி நேரம் மூடியிருக்கும், ஓட்டலிலும் இடம் கிடைக்காது. பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்து விலகிக்கொள்ளுங்கள்.

லண்டனிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நிலையம் எதிர் மேட்டில் இருப்பதால் ரயில் பாலத்தைத் தாண்டும்போதே பேராலயம் முழுவதும் தெரியும். நிலையத்திலிருந்து சரிவாக இறங்கி, மறுபடி ஏற வேண்டும். உருளைக்கல் பாவிய தெருக்கள் ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்ஸி வைத்துக்கொள்வதே நல்லது. பேராலயக் கோபுரத்தின் 325 படிகள் உடல் திடமானவர்களுக்கு மட்டும். ஒன்றரை நாளில் ஊரைப் பார்த்து முடித்துவிடலாம். மீதி நேரத்துக்குக் கால் மணி ரயிலில் நியூகாசில் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு டர்ஹாமை நாங்கள் சொல்வதில்லை.

லிங்கன்

பழைய பயண விளம்பரங்களில் லிங்கன் என்றாலே கிறிஸ்துமஸ் சந்தை. 1982-இல் தொடங்கிய அந்தப் பெரிய சந்தையை, கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால் நகரமன்றம் 2023-இல் நிறுத்திவிட்டது. நல்லதாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது டிசம்பரிலும் லிங்கனில் நின்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. யார்க்கின் டிசம்பர் கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் இங்கே வரலாம்.

1185-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆயர் ஹியூ எழுப்பத் தொடங்கிய பேராலயம். நடுக்கோபுரத்தின் மேல் இருந்த மரக்கூம்பு 1548-இல் விழும் வரை உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்தது என்பார்கள். தேவதூதர் பாடல்கூடத்தில் ஒரு தூணின் உச்சியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் சின்னக் குட்டிச்சாத்தான் சிற்பத்தை வழிகாட்டி காட்டினாலொழியக் கண்டுபிடிக்க முடியாது. பேராலயத்தின் தன்னார்வலர்களே உள்ளே அழைத்துப் போவார்கள், அதுவே போதும்.

எதிரே கோட்டை. அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த 1215 மேக்னா கார்ட்டா சாசனத்தின் எஞ்சிய நான்கு பிரதிகளில் ஒன்றும், 1217 வன சாசனமும் ஒரே அறையில் இருக்கின்றன. எங்களை அதைவிட உலுக்குவது விக்டோரியா காலச் சிறையின் ஜெபக்கூடம். ஒவ்வொரு கைதிக்கும் தனித்தனி மரக்கூண்டு. பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கவே முடியாதபடி, எதிரே பாதிரியார் மட்டும் தெரியுமாறு செய்திருக்கிறார்கள். கூண்டுக்குள் நின்று பார்த்தால்தான் அந்தத் தனிமை உறைக்கும்.

லிங்கனின் ஒரே தொல்லை ஸ்டீப் ஹில். ரயில் நிலையம் அடிவாரத்தில், பேராலயம் உச்சியில், நடுவே செங்குத்தான கல் தெரு. கைப்பிடி போட்டிருக்கிறார்கள்; பனி உறைந்த காலையில் அதை விட்டு நடக்காதீர்கள். மேலே தங்கினால் இரண்டு நாளும் ஏற இறங்க வேண்டியதில்லை. கோச் பேக்கேஜ் என்றால், மேலே இறக்கிவிடுவார்களா கீழேயா என்ற ஒரு கேள்வியிலேயே அவர்களுக்கு ஊர் தெரியுமா என்பது விளங்கிவிடும். கிங்ஸ் கிராஸிலிருந்து நாளைக்குச் சில நேரடி ரயில்கள் உண்டு, இரண்டு மணி நேரம். மற்றவற்றுக்கு நியூவார்க் நார்த்கேட்டில் மாறவேண்டும்.

சால்ஸ்பரி

பகல் வெளிச்சம் சற்றுக் கூடுதல், லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஒன்றரை மணி நேரம், பக்கத்தில் வரலாற்றுக்கு முந்தைய கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசுக்கு முழு மதிப்புக் கிடைக்கும் ஊரும் இதுவே. பேராலயத்தின் கூம்பு 123 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயரமான பேராலயக் கூம்பு இல்லை. அதன் அடிவரை போக 332 படிகள். வழிகாட்டியுடன் மட்டுமே அனுமதி. கூரைக்கும் வளைவுக்கும் நடுவே உள்ள மர உத்திரங்கள், மணிகள், கடைசியில் கூம்பின் உள்ளே நிற்கும் இடைக்கால மரச் சாரம் எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். படிகள் குறுகல்; பையைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள்.

மேலே ஏற முடியாதவர்கள் நடுக்கோபுரத்தின் கீழே நின்று மூலைத் தூண்களை அடியிலிருந்து மேலே பாருங்கள். கறுப்புக் கல் தண்டுகள் வளைந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். 1258-இல் முடிந்த கட்டடத்தின் மேல் பின்னர் ஏற்றிய 6,500 டன் எடை அவற்றை அப்படி வளைத்திருக்கிறது. அடித்தளமோ ஒன்றேகால் மீட்டர் ஆழம்தான். அடியில் ஈரச் சரளை மண். தரையில் ஒரு சிறு மூடியைத் திறந்து, கோல் விட்டு நிலத்தடி நீர்மட்டத்தை அளப்பதையும் காட்டுவார்கள். மேக்னா கார்ட்டாவின் நான்கில் மிக நன்றாக எஞ்சிய பிரதி இங்கே சபைக்கூடத்தில் இருக்கிறது. 1386-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் கடிகாரம் எண் வட்டமே இல்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்டோன்ஹெஞ்சுக்கு இங்கிருந்து 14 கிலோமீட்டர் வாக்கில். மூடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கடைசி நுழைவு. பார்வையாளர் மையத்திலிருந்து கற்களுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், சிற்றுந்து ஓடும். கல் வட்டத்தைச் சுற்றி மட்டுமே நடக்கலாம். உள்ளே போக வேண்டுமானால் மூடிய நேரத்துக்கான சிறப்பு அனுமதியை முன்னரே வாங்க வேண்டும். இதற்குத்தான் வழிகாட்டியுடன் கூடிய சிறு வேன் பயணம் பொருத்தம். கற்களின் அச்சு குளிர்கால நீள் இரவு நாளின் சூரியன் மறையும் திசையைப் பார்த்திருப்பதால் டிசம்பர் பிற்பகலில் அங்கே நிற்பதற்கு அர்த்தம் உண்டு. காற்றை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள், மறைப்பே இல்லாத சமவெளி.

கான்டர்பரியும் வெல்ஸும் 

கான்டர்பரி லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருப்பதால் லண்டனில் இருப்பவர்கள் அங்கே ஒருநாள் போய் வந்தால் போதும். பேராயர் தாமஸ் பெக்கெட் 1170 டிசம்பர் 29-இல் கொல்லப்பட்ட இடத்தைக் காண விரும்புகிறவர்களுக்குக் குளிர்காலமே பொருந்தும். வெல்ஸ் நகருக்கு 1960களிலிருந்து பயணிகள் ரயிலே இல்லை. பாத் அல்லது பிரிஸ்டலிலிருந்து பேருந்து மாறி, இருட்டில் திரும்பி வருவது சிரமம். இந்தப் பட்டியலில் கோச் பேக்கேஜ்தான் சிறந்த வழி என்று நாங்கள் தயங்காமல் சொல்வது வெல்ஸுக்கு மட்டும்.

எந்த வாரம்?

எங்கள் விருப்பம் ஜனவரி இரண்டாம் பாதி. ஓட்டல் வாடகை குறைவு, கூட்டம் இல்லை, பாடகர் குழு திரும்பி வந்திருக்கும். கிறிஸ்துமஸ் ஆராதனைகள் முடிந்ததும் சிறுவர் பாடகர்களுக்கு விடுமுறை என்பதால், டிசம்பர் கடைசி வாரம் போனால் மாலை ஆராதனை பாடல் இல்லாமல் வெறும் வாசிப்பாக இருக்கும். அதே வாரத்தில் ரயில் தடங்களில் பெரிய பராமரிப்பு வேலைகள் வைப்பார்கள். 25-ஆம் தேதி ரயிலே ஓடாது, 26-ஆம் தேதி மிகக் குறைவு. பிப்ரவரி நடுவில் யார்க்கில் மாலை ஐந்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆனால் அது பள்ளி இடைவிடுமுறை, யார்விக் வைக்கிங் விழா. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், அமைதி தேடுகிறவர்களுக்கு ஆகாது.

வார இறுதியின் இரண்டு நாளும் ஒன்றல்ல. ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் பெரும்பாலான பேராலயங்கள் சுற்றிப்பார்ப்பவர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் திறக்கும். பெரிய கடைகள் ஞாயிறன்று சட்டப்படி ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம். அதனால் சனி காலை பேராலயம், சனி மாலை ஆராதனை, ஞாயிறு காலை மதில், ஆற்றோரம், நகர உலா என்று அமையுங்கள். கோச் பேக்கேஜில் இதைத் தலைகீழாகப் போட்டிருந்தால் வேறு பேக்கேஜ் பாருங்கள். ஆராதனைக்குக் கட்டணம் இல்லை, எந்த மதத்தவரும் உட்காரலாம். கால் மணி முன்னதாகப் போய்க் கேட்டால் பாடகர் குழுவுக்குப் பக்கத்து இருக்கைகளிலேயே உட்காரவைப்பார்கள். நேரம் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். அந்த வாரத்து அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல் தரையின் குளிர் கால் வழியாகத்தான் ஏறும். தடித்த அடிப்பாகமுள்ள காலணியும் கம்பளிக் காலுறையும் கனமான கோட்டைவிட முக்கியம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஞாயிறு மதியத்துக்கு மேசையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பப்களில் அன்று பெரும்பாலும் ரோஸ்ட் எனும் சுட்ட இறைச்சி உணவுதான் பரிமாறுவார்கள். சைவத் தட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். சிறிய ஊர்களில் சமையலறை இரவு ஒன்பது மணிக்குள் மூடிவிடும்.

திரும்பும் ரயிலை ஞாயிறு கடைசி வண்டியாக எடுக்காதீர்கள். ஞாயிறுதோறும் எங்காவது தட வேலை நடக்கும், பாதி வழிக்குப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். லண்டனிலிருந்து யார்க், டர்ஹாம் போகும் கிழக்குக் கரை ரயில் தடத்தில் புயல் காற்று அடித்தால் மேலே ஓடும் மின்கம்பி அறுந்து வண்டிகள் நின்றுபோவதும் உண்டு. முன்பதிவுச் சலுகை டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். ஆனால் உங்கள் வண்டியை அவர்களே ரத்து செய்தால் அதே டிக்கெட்டில் அடுத்ததில் ஏறலாம், தாமதத்துக்கு இழப்பீடும் கேட்கலாம். அடுத்தது என்று ஒன்று இருப்பதற்காகவே மாலை நாலு, ஐந்து மணி வண்டியை எடுங்கள். அந்த நேரத்தில் வெளியே எப்படியும் இருட்டியிருக்கும்.